ஜகார்த்தாவில் தங்கம் வென்ற ஆசிரியர்

ஆசியக் காற்பந்தில் இந்தியா கொடிகட்டிப் பறந்த காலம் ஒன்று இருந்தது என்றால், இன்றைய இளைஞர்கள் நம்பத் தயங்கலாம். 1951, 1962 ஆகிய ஆண்டுகளில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கத்தை வென்ற நாடு அது. இரு முறையும் பயிற்றுநர் ஒருவரே. அவர்தான் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம்.

1909-இல் பிறந்த ரஹீம் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். 1943-இல் ஹைதராபாத் காற்பந்துச் சங்கச் செயலாளரானார். பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியோடு இளைஞர்களுக்குப் போட்டிகள் நடத்தியவர். வலது காலையே நம்பியிருந்த பையன்கள் இடது காலுக்கும் வேலை கொடுத்தாக வேண்டும். வகுப்பறைப் புத்தி திடலுக்கு வந்தால் இப்படித்தான் இருக்கும் போலும்! அவர் பயிற்சி அளித்த ஹைதராபாத் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கிண்ணத்தைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றது.

தேசிய அணியில் எல்லாமே வெற்றியாக அமையவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்தியா, யூகோஸ்லாவியாவிடம் 1-10 என நொறுங்கியது. அதன் பிறகுதான் காலணி கட்டாயமானது. நான்கே ஆண்டுகளில், மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தி, அரையிறுதிக்கு முன்னேறிய முதல் ஆசிய அணியானது இந்தியா.

ஆயினும் ரஹீமின் உண்மையான சோதனை 1962-இல் ஜகார்த்தாவில்தான் காத்திருந்தது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா இடம் தர மறுத்ததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டிக்க, உள்ளூர் மக்களின் கோபம் இந்தியர்கள்மீது திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. திடலிலும் பார்வையாளர்கள் ஏளனக் கூச்சலிட்டனர்.

அணியின் நிலையும் நன்றாக இல்லை. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல் வேறு. ரஹீம் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. தாக்குதல் வரிசைக்கு மாற்றினார்! அரையிறுதியில் ஜர்னைல் கோல் போட்டார்.

செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதியாட்டத்தில் மீண்டும் தென் கொரியா. காய்ச்சலிலிருந்து மீண்டிருந்த பீட்டர் தங்கராஜைக் கோல்காவலராக நிறுத்தினார் ரஹீம். மெட்ராஸ் ரெஜிமெண்டில் வளர்ந்த நெடிய மனிதர் அவர். கொரியர்களின் உயரப் பந்துகளுக்கு அந்த உயரம் தேவைப்பட்டது. பி.கே. பானர்ஜி முதல் கோலைப் போட, அடுத்ததை அடித்தவர் தையல் போட்ட தலையோடு ஆடிய அதே ஜர்னைல். 2-1 என இந்தியாவுக்குத் தங்கம். நம் மலாயா அணிக்கு அந்தப் போட்டியில் வெண்கலம் கிடைத்தது.

ரஹீமுக்கு அதன்பின் ஒன்பது மாதங்களே மிஞ்சின. 1963 ஜூன் 11-ஆம் தேதி, 53 வயதில், நுரையீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டியின் காற்பந்தில் இந்திய ஆண்கள் அணி பெற்றது 1970 பேங்காக் வெண்கலம் மட்டுமே. அந்த அணியின் பயிற்றுநர்களில் ஒருவர், ஜகார்த்தாவில் முதல் கோலைப் போட்ட பி.கே. பானர்ஜி.