பூட்டுப் போட்ட பெட்டியும் ஜேம்ஸ் வாட்டும்

கோட்டூர்புரம் பாலத்துல சாயங்காலம் அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க. புது எக்ஸாஸ்ட் மாட்டின பைக் ஒண்ணாவது உங்க காதைக் கிழிச்சுட்டுப் போகும். ரெண்டு எச்.பி. கூடியிருக்குன்னு ஓட்டுறவர் அடிச்சுச் சொல்வார். எப்படி அளந்தார்? சத்தத்தை வெச்சுத்தான்! அந்த எச்.பி.யை ஓர் அளவாக்கியவரின் கதை, நண்பர்களே, இது.

ஜேம்ஸ் வாட் 1736-ல் ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகளைச் செய்துகொண்டும் பழுதுபார்த்துக்கொண்டும் இருந்தவரிடம் நியூகோமன் நீராவி எஞ்சினின் சிறு மாதிரி ஒன்று ரிப்பேருக்கு வந்தது. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் சிலிண்டரைச் சூடாக்கி, திரும்பக் குளிர்விப்பதிலேயே பெரும்பகுதி நீராவி வீணாவதை அளந்து கண்டுபிடித்தார். 1765-ல் தனி கண்டன்சர் யோசனை பிறந்தது. 1769-ல் காப்புரிமை கிடைத்தது.

மேத்யூ போல்டனோடு கூட்டு சேர்ந்து, கார்ன்வால் சுரங்கங்களுக்கு எஞ்சின் கொடுத்தார். அங்கே நிலக்கரி கிடையாது, கப்பலில்தான் வரணும். அதனால் பழைய எஞ்சினோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்டார்கள்.

இங்கேதான் சிக்கல். மிச்சம் எவ்வளவுன்னு யார் சொல்றது? அதிகம்னு சொன்னா வாட்டுக்கு லாபம், கம்மின்னு சொன்னா முதலாளிக்கு லாபம். அதனால் பழைய எஞ்சின் தின்ற கரியை முதலில் அளந்து அடிப்படையாக வைத்தார்கள். புது எஞ்சினின் பீமில் ஸ்ட்ரோக் எண்ணும் கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அப்புறமும் சண்டை ஓயலை. வழக்கு 1799 வரை இழுத்தது.

ஆலைகளில் ஒப்பிடப் பழைய எஞ்சினே இல்லை, குதிரைதான் இருந்தது. அதையே அளவாக்கினார்: நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை, ஒரு குதிரைத்திறன். சுமார் 746 வாட்.

வாட் 1819-ல் இறந்தார். அதற்கு முன்பே, 1811 முதல், கார்ன்வால் எஞ்சின்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு கரிக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்று மாதாமாதம் அச்சாகி வந்தது. அந்தக் கணக்கில் புது எஞ்சின்கள் வாட்டின் எஞ்சினையே தாண்டிப் போயின. நியாயமான அளவுகோல் அதைக் கொண்டு வந்தவருக்குக்கூட சலுகை காட்டாது.

உங்க பைக்குக்கும் இதுதான் கணக்கு. எக்ஸாஸ்ட் மாத்துறதுக்கு முன்னாடியே டைனோவில் மூணு தடவை ஓட்டுங்க. மாத்தின பிறகு அதே டைனோ, அதே கியர், அதே டயர் காற்று, அதே பெட்ரோலோட மறுபடி மூணு தடவை. முதல் சோதனை அக்னி நட்சத்திர மத்தியானத்திலும் ரெண்டாவது மார்கழிக் காலையிலும் நடந்தா, குளிர்ந்த காற்று அடர்த்தியா இருக்கிறதால கூடுற பவருக்கு எக்ஸாஸ்ட் பேர் வாங்கிக்கும். ஒண்ணுமே மாத்தாம ஓட்டின மூணு ரன்னுக்குள்ளேயே ஒரு எச்.பி. வித்தியாசம் வந்தா, ஒரு எச்.பி. கூடுச்சுன்னு யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க.