ஒற்றையா இரட்டையா? வொன் நொய்மனின் கணக்கு

அப்புத்தளையில் தோட்டப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். சில நாள் புளியங்கொட்டைகளைக் கையில் மறைத்து ஒற்றையா இரட்டையா விளையாட விடுவேன். ஒரே ஒழுங்கில் மறைக்கிறவள் சீக்கிரம் பிடிபடுவாள். ஒழுங்கே இல்லாமல் மறைப்பவளைப் பிடிப்பது கஷ்டம்.

இதற்குள் இருக்கும் கணக்கை நிறுவியவர் ஜோன் வொன் நொய்மன். 1903இல் புடாபெஸ்டில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஒருவரின் வெற்றி மற்றவரின் தோல்வியாகும் இருவர் ஆட்டத்தில், எதிராளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நம் சராசரி இழப்பு ஓர் எல்லையைத் தாண்டாதபடி ஆட வழியுண்டு என்று 1928இல் காட்டினார். 1930இல் அமெரிக்கா போனார். 1944இல் ஒஸ்கார் மோர்கென்ஸ்டேர்னுடன் எழுதிய நூல் இந்த விளையாட்டுக் கோட்பாட்டைப் பொருளியலுக்குள் கொண்டுவந்தது. இன்று சம்பளப் பேச்சுவார்த்தையைக்கூட வகுப்பறையில் ஆட்டமாக நடத்திப் பார்க்கிறார்கள்.

அடுத்ததைச் சொல்லத்தான் எனக்கு நா எழுவதில்லை. 1945இல் அணுகுண்டு போடுவதற்கு நகரங்களைத் தெரிவு செய்த குழுவில் அவரும் இருந்தார். 1957இல் புற்றுநோயால் இறந்தபோது வயது 53.

ஹிரோஷிமா மக்கள் அந்த ஆட்டத்தில் யாருடைய பக்கம் என்று போன கிழமை ஒரு பிள்ளை கேட்டாள். 83 கலவரத்துக்குப் பயந்து வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. 2009இல் முகாமில் கிடந்த பிறகுதான் மலைக்குத் திரும்பினோம். அவளுக்கு இன்னும் மறுமொழி சொல்லவில்லை.