ஹாட்லி காண்ட்ரிலும் அவர் நாட்டிய ஏணியும்

துணியை முழத்தால் அளக்கின்றோம். நெல்லைப் படியால் அளக்கின்றோம். ஒருவனுடைய உள்ளத்து மகிழ்ச்சியை எக்கருவி கொண்டு அளப்பது? முத்தியால்பேட்டையில் தறியொலி கேட்டு வளர்ந்த எமக்கு இவ்வினா நெடுநாளாக உண்டு. அதற்கு விடை தேட முயன்றோருள் ஒருவரான ஹாட்லி காண்ட்ரில் என்னும் உளநூற் பேராசிரியரின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அவர் 1906-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அமெரிக்காவில் யூட்டா மாகாணத்து ஹைரம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். டார்ட்மத் கலாசாலையிற் பயின்று, ஜெர்மனி சென்று மீண்டு, 1931-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். 1936-இல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்ததாக 1938-இல் ரேடியோவில் ஒலிபரப்பிய நாடகத்தை மெய்யென நம்பி அஞ்சியவர்களை ஆராய்ந்து, 1940-இல் அவர் வெளியிட்ட நூல் பெரும்புகழ் பெற்றது. அவ்வச்சத்தின் அளவு மிகைப்படுத்தப்பட்டதென்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

யுத்தகாலத்தில் அவர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்குப் பொதுஜன அபிப்பிராயங்களை அளந்து தெரிவித்து வந்தார். 1940-இலேயே நம் புதுச்சேரி தெகோல் பக்கம் சேர்ந்துவிட்டது. மொராக்கோவோ விஷி அரசின்கீழ் இருந்தது. 1942-இல் அங்கே வெகுசிலரையே வினவி, ஆங்கிலேயரினும் அமெரிக்கர் வருகைக்கே எதிர்ப்புக் குறைவாயிருக்குமென அவர் கண்டறிந்தார். 1960-இல் கியூபாவின் நகரமாந்தரை வினவியபோது, காஸ்ட்ரோவுக்கு மக்கள் ஆதரவு மிகுதி என்பது புலனாயிற்று. அதனை ஆள்வோர் பொருட்படுத்தவில்லை. மறு ஆண்டிற் பன்றிகள் வளைகுடாப் படையெடுப்பு தோல்வியுற்றது.

அவர் பெயரை இன்றும் நிலைநிறுத்துவது ஓர் ஏணிப் படம். அடியிற் சுழியும் முடியிற் பத்துமாகப் படிகள் குறித்த அதனை வினவப்படுவோன்முன் வைப்பர். அதற்கு முன்னர், அவன் விரும்பும் வாழ்வு யாது, அஞ்சும் வாழ்வு யாது என்று கேட்டுக் குறித்துக்கொள்வர். அவன் விரும்பியதே உச்சிப்படி, அஞ்சியதே அடிப்படி. இன்று எப்படியில் நிற்கின்றான், ஐந்தாண்டுக்கு முன் எங்கு நின்றான், ஐந்தாண்டுக்குப் பின் எங்கு நிற்பான் என்பனவற்றை அவனே சுட்டுவான். பிறர் தீர்ப்புக்கு இடமில்லை.

இந்தியரும் இவ்வேணியில் ஏறினர். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962-ஆம் ஆண்டிலேயே இங்குக் கணக்கெடுப்பு நிகழ்ந்தது. இந்தியர் கூறிய சராசரி: சென்ற காலத்திற்கு 3.4, நிகழ்காலத்திற்கு 3.7, எதிர்காலத்திற்கு 5.1. அமெரிக்கரின் நிகழ்காலமோ 6.6. கூலிக்கு உழும் இந்தியர் ஒருவர் ஒரு மகனும், சொந்தமாகச் சிறிது நிலமும், வீடும், பாலுக்கொரு பசுவும், மனைவிக்கு நல்லாடையும் வேண்டினர். அமெரிக்கர் ஒருவர் புதுக் காரும் படகும் வேண்டினர்.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. எம்மூர் மணிக்கூண்டருகே நெசவாளி ஒருவரும் வணிகர் ஒருவரும் ஆறாம்படியையே சுட்டினரென்று வைத்துக்கொள்வோம். அவருக்கு உச்சிப்படி சொந்தத் தறியாகலாம், இவருக்கு மாடிவீடாகலாம். எண் ஒன்றே, பொருள் வேறு. ஆதலின் ஒருவனுடைய நேற்றையும் இன்றையும் ஒப்பிட இவ்வேணி மிகவும் ஏற்றது. நாட்டையும் நாட்டையும் ஒப்பிடுங்கால் எச்சரிக்கை வேண்டும் என்பது எம் கருத்து. காண்ட்ரில் 1965-இல் வெளியிட்ட நூலில் எண்களோடு மாந்தரின் விருப்பங்களையும் அச்சங்களையும் விரிவாகத் தொகுத்தமைக்குக் காரணம் இதுவே போலும்.

1969-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் பிரின்ஸ்டனில் அவர் காலமானார். அவரும் லாயிட் ஃப்ரீயும் 1955-இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்திற்கு ராக்ஃபெல்லர் வாயிலாக அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் பணம் மறைவாக வந்ததென 1977-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. ஏழை உழவனிடம் அவன் ஆசையைக் கேட்டவர்கள் தம் பணத்தின் மூலத்தை அவனுக்குக் கூறவில்லை. இக்குறையை மறைத்து எழுதுதல் எமக்கு ஒவ்வாது.

ஏணியோ அழியவில்லை. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை அதனையே அளவுகோலாகக் கொண்டது. 2018 முதல் 2025 வரை அவ்வறிக்கையில் பின்லாந்தே முதலிடம் பெற்றது. ஆயினும் விருப்பத்தையும் அச்சத்தையும் முதலிற் கேட்டறியும் நீண்ட பேட்டி அதில் இல்லை. படியின் எண்ணை மட்டுமே கேட்கின்றனர். காண்ட்ரில் இருந்திருப்பின் இதற்கு இசைந்திருப்பாரோ என்பது எமக்கு ஐயமே.