தங்கம் வென்று தந்த ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம்

ஜொகூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் காற்பந்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜேடிடி ஆட்டம் உள்ள இரவில் கடையைச் சீக்கிரம் அடைக்கச் சொல்பவர்களே அவர்கள்தான். ஆனால் சையத் அப்துல் ரஹீம் யார் என்று கேட்டால் விழிப்பார்கள். 2024இல் ‘மைதான்’ என்ற இந்திப் படம் வரும்வரை எனக்கும் அவரைத் தெரியாது. படம் பார்த்த பின் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். அதை நம் பொன்விழா மலரில் பகிர்ந்துகொள்கிறேன்.

மர்ஹூம் ரஹீம் அவர்கள் 1909 ஆகஸ்ட் 17இல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அதன் காற்பந்துக் குழுவிலும் ஆடினார். பிறகு பள்ளி ஆசிரியரானார். உடற்கல்வியும் பயின்று, மாலை வேளைகளைத் திடலிலேயே கழித்தார். ஆட்டக்காரராக அவர் பெரும்புகழ் பெறவில்லை. பிறரை ஆட வைப்பதில்தான் அவருடைய திறமை இருந்தது.

1943இல் ஹைதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். இளம் ஆட்டக்காரர்களுக்கு அவர் நடத்திய போட்டிகள் புதுமையானவை. ஒன்றில் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, உடனே அடுத்தவருக்குத் தட்டிவிட வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால்தான் உதைக்க வேண்டும். பந்து தனி ஒருவருக்குச் சொந்தமில்லை என்ற பாடம் இப்படித்தான் அவர்கள் மனத்தில் பதிந்தது. 1950இல் ஹைதராபாத் காவல்துறைக் குழுவின் பயிற்றுநரானார். அந்தக் குழு தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது.

இந்தியக் குழுவின் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. மறு ஆண்டே பெரிய அடி விழுந்தது. ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றது. அன்று நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பிறகே காலணி கட்டாயமானது.

ரஹீம் அவர்கள் மனம் தளரவில்லை. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதிக்குச் சென்றார்கள். ஒலிம்பிக் காற்பந்தில் அந்த நிலையை எட்டிய முதல் ஆசிய நாடு இந்தியாதான். இறுதியில் நான்காம் இடம் கிடைத்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சுடன் 1-1 எனச் சமநிலை கண்டார்கள். அங்கே பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் போட்டவர் தமிழரான சைமன் சுந்தர்ராஜ்.

1962இல் ஜகார்த்தா. இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காத இந்தோனேசியாவின் முடிவை இந்திய அதிகாரி ஒருவர் எதிர்த்துப் பேசியதால், உள்ளூர் மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். இந்தியக் குழு திடலில் இறங்கினாலே கூச்சல். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. தாய்லாந்துடன் ஆடியபோது தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. வேறொரு பயிற்றுநராக இருந்தால் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவர்களோ அரையிறுதியில் அவரைத் தாக்குதல் வரிசையில் இறக்கினார். தென் வியட்நாமை 3-2 என வென்றார்கள். ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

செப்டம்பர் 4இல் இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் தென் கொரியா. அரங்கம் முழுவதும் எதிர்ப்புக் குரல். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று என முதல் பாதியிலேயே இரண்டு கோல்கள். கொரியா பதிலுக்கு ஒன்றுதான் போட முடிந்தது. அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ், தமிழர். தாக்குதலில் ஆடிய துளசிதாஸ் பலராமும் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். அதே போட்டியில் அப்துல் கனி மின்ஹாட் ஆடிய நம் மலாயா குழு வெண்கலம் வென்றது என்பதும் நமக்குப் பெருமை.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒன்பதே மாதங்களில், 1963 ஜூன் 11இல், புற்றுநோயால் அவர் வஃபாத்தானார். வயது 53. அதன் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டுக் காற்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. நாட்டுக்கே பயிற்றுநராக உயர்ந்த பிறகும், தம் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் வேலையை அவர் விடவில்லை. 1943 முதல் இறக்கும்வரை இருபது ஆண்டுகள். சங்கத்தில் நாற்காலி போடுவதும், ரசீது எழுதுவதும், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் யார் கண்ணிலும் படாத வேலைகள். கடை நடத்தும் என் போன்றவர்கள் நேரமில்லை என்று எளிதாக ஒதுங்கிவிடுகிறோம். நம் சங்கத்தை ஐம்பது ஆண்டுகள் தாங்கி வந்த பெரியவர்கள் அப்படி ஒதுங்கவில்லை. அடுத்த முறை அவர்கள் கூப்பிடும்போது நாம் போவோம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

ரஹீம் அவர்களுக்கும், மறைந்த நம் சங்கப் பெரியவர்களுக்கும் அல்லாஹ் மறுமையில் உயர்ந்த இடத்தை வழங்குவானாக. ஆமீன்.