ஒரு காதால் கேட்ட காடு

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் ஒன்பதாறு சோதனைச் சாவடியைக் கடந்துவிட்டால் ஆனைமலை புலிகள் காப்பகத்தின் அமராவதி வனச்சரகம். மாநில எல்லையான சின்னாற்றில் வாகனங்கள் நின்றுதான் செல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் நண்பர்களுடன் அங்கு நின்றிருந்தேன். காட்டுக்குள்ளிருந்து கேளையாடு ஒன்று குரைத்தது. உடனிருந்த அனைவரும் வலப்புறம் திரும்பினர். நான் மட்டும் இடப்புறம் திரும்பினேன். நண்பர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு காதில் ஓயாத இரைச்சலும் கேட்புக் குறைவும் குடியேறியிருந்ததை அதுவரை எவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

அன்றிரவு நினைவுக்கு வந்தவர் ஜிம் கார்பெட். குமாவுன் மலைகளின் ஆட்கொல்லிப் புலிகளை வீழ்த்தியவர் என்றே அவரை உலகம் அறியும். அவற்றுள் ஒன்றைத் தேடிச் சென்றபோது அவருடைய ஒரு காது பழுதுபட்டிருந்தது என்பதைப் பலர் அறியார்.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிடாலில் பிறந்தார். தந்தை அவ்வூர் அஞ்சல் அதிகாரி. பெரிய குடும்பம். ஜிம்முக்கு ஆறு வயது நிரம்பும் முன்பே தந்தை காலமானார். கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கி என்று குடும்பம் இடம் மாறிக்கொண்டிருந்தது. அந்தக் காலாதுங்கிக் காடுதான் சிறுவனின் உண்மையான பள்ளிக்கூடம். கவணும், ஒரு குழல் பிளந்துபோன பழைய துப்பாக்கியுமே அவனுக்கு வாய்த்த கருவிகள். காட்டைக் காதால் படிக்கும் பழக்கம் அங்குதான் வந்தது. எந்தப் பறவை எதைக் கண்டால் எப்படிக் கத்தும், மான் எப்போது எச்சரிக்கும், குரங்கு எதைப் பார்த்து அலறும் என்பதையெல்லாம் அவன் பாடமாகக் கற்றான். விலங்குகளின் குரலைத் திருப்பி எழுப்பவும் பழகினான்.

பதின்பருவம் முடியும் முன்பே குடும்பச் சுமை அவரை வேலைக்கு அனுப்பியது. வங்காள - வடமேற்கு ரயில்வேயில் சேர்ந்து, பின்னர் கங்கைக் கரையிலுள்ள மொகாமா படித்துறையில் சரக்கு மாற்றும் ஒப்பந்தத்தை ஏற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொழிலாளர்களோடு தாமும் உழைத்தார். இடையில் கிடைத்த விடுமுறைகளில்தான் ஆட்கொல்லிகளைத் தேடிச் சென்றார். 1907-இல் அவர் வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. புலியைக் கொல்வதற்குப் பரிசுத்தொகை அறிவிக்கப்பட்டிருந்தால் அதை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. மலைக்கிராம மக்கள் அவரைக் 'கார்பெட் சாகிப்' என்று அழைத்தனர்.

அவருடைய செவியின் கூர்மைக்கு ஒரு சான்று போதும். பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் 125 உயிர்களைப் பலிகொண்ட ருத்ரபிரயாக் சிறுத்தை, மாதக்கணக்கில் அவருக்குப் போக்குக் காட்டியது. 1926 மே மாதத் தொடக்கத்தில் ஓர் இருண்ட இரவில், பாதையோர மாமரத்தின் மேல் அவர் காத்திருந்தார். கீழே கட்டியிருந்த ஆட்டின் கழுத்தில் ஒரு மணி. கண்ணுக்கு எதுவும் புலப்படாத இருட்டு. திடீரென ஒரு பாய்ச்சல். மணி சட்டென ஒலித்தது. ஒலி வந்த திசையில் துப்பாக்கியைத் திருப்பினார், அதில் பொருத்தியிருந்த விளக்கின் ஒளியில் சிறுத்தை தெரிந்தது, சுட்டார். கண்ணுக்கு வழி காட்டியது காதுதான்.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1929 பிப்ரவரியில், தராய் நிலப்பகுதியில் பிந்துகேரா என்னுமிடத்தில் நண்பர்கள் குழுவோடு யானை மேல் அமர்ந்து வேட்டையாடச் சென்றிருந்தார் கார்பெட். துணைவர் ஒருவரின் கனத்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. குழலின் முனை அப்போது கார்பெட்டின் இடது காதுக்குச் சில அங்குலத் தொலைவில் இருந்தது. குண்டு அவரைத் தொடவில்லை. தீப்பிழம்பும் வெடியோசையும் செவிப்பறையைக் கிழித்துவிட்டன.

இத்தகைய வெடியோசை எதைச் செய்கிறது என்பதை இன்றைய மருத்துவம் தெளிவாக்கியிருக்கிறது. வேட்டைத் துப்பாக்கியின் ஓசை 150 டெசிபலையும் தாண்டக்கூடியது. எட்டு மணி நேரம் 85 டெசிபல் இரைச்சலில் இருந்தாலே காதுக்கு ஆபத்து என்று வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரே வெடியின் கொடுமை விளங்கும். கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் ஆறிவிடும்; தேவையானால் அறுவை சிகிச்சை உண்டு. உட்செவியில் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. அவை மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பொருளியல் மொழியில் சொன்னால், தேய்மானத்துக்கு ஒதுக்கீடு செய்து புதிதாக வாங்க முடியாத மூலதனம் அது. அவ்வணுக்களிடமிருந்து வரவேண்டிய செய்தி வராதபோது, மூளை தானே ஓர் ஒலியை எழுப்பிக்கொள்கிறது. காதிரைச்சல் தோன்றும் வழிகளுள் இது முதன்மையானது.

ஒரு காதை இழந்தவருக்கு மற்றொரு துன்பமும் உண்டு. ஒலி ஒரு காதை அடைந்து மறு காதை அடைவதற்குள் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியையும், இரு காதுகளிலும் ஒலி விழும் வலிமையில் உள்ள வேறுபாட்டையும் கொண்டுதான் மூளை திசையைக் கணக்கிடுகிறது. ஒரு காது ஓய்ந்தால் ஒலி கேட்கும்; எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. நகரத்தில் இது சங்கடம். ஆட்கொல்லி திரியும் காட்டில் இது உயிர்ப் பிரச்சினை.

கார்பெட்டுக்குக் காதோடு துன்பம் நிற்கவில்லை. தலைக்குள் சீழ்க்கட்டி உருவாயிற்று. நைனிடால் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றும் வேதனை தணியவில்லை. அந்நிலையில்தான், நேபாள எல்லையை ஒட்டிய தல்லாதேசில் நெடுநாளாக மக்களைக் கொன்றுவந்த பெண்புலியைத் தேடி, 1929 ஏப்ரலில் அவர் புறப்பட்டார். டனக்பூர் வரை ரயில். அதன்பின் சாரதா ஆற்றை ஒட்டி மலைப்பாதை. முகத்தின் ஒரு பக்கம் வீங்கி இடது கண் மூடிக்கொண்டது. படுத்தால் வலி கூடியது.

அறிவுடையோர் செய்யத்தக்க செயலா இது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மருத்துவர் எவரும் இதைப் பரிந்துரைக்க மாட்டார். ஆனால், அம்மனிதரை இரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். மலைக்கிராமங்களில் பெண்கள் புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் போக முடியாமல் தவித்தனர். மருத்துவமனைக் கட்டிலில் தம் வலியை மட்டும் எண்ணிக் கிடப்பதைவிட, தம்மால் ஆகக்கூடிய ஒரு வேலை வெளியே இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு ஊன்றுகோலாக இருந்திருக்க வேண்டும்.

தல்லாதேசில் அந்தப் பெண்புலியின் வளர்ந்த குட்டிகள் இரண்டை முதலில் வீழ்த்தினார். பின்னர் தென்பட்ட தாய்ப்புலி அவர் குண்டால் காயமுற்று மறைந்தது. காயமுற்ற ஆட்கொல்லியைப் புதர்களுக்குள் பின்தொடர்வதைப் போன்ற அபாயம் வேட்டையில் வேறில்லை. ஒரு காதோடும் ஒரு கண்ணோடும் நாள்கணக்கில் அதைச் செய்தார். ஓரிரவு மரத்தின் மேல் காத்திருந்தபோது, தலைக்குள்ளிருந்த கட்டி உடைந்து, சீழ் காது வழியாகவும் மூக்கு வழியாகவும் வெளியேறியது. வாரக்கணக்கான வலி நொடிகளில் அடங்கியது. அதன் பின்னரே புலியை வீழ்த்தினார். அதன் உடலில் முள்ளம்பன்றியின் முட்கள் ஆழப் புதைந்திருந்தன. வேட்டையாடியவரும் வேட்டையாடப்பட்ட விலங்கும் ஆறாத புண்ணோடுதான் அக்காட்டில் எதிரெதிரே நின்றிருக்கிறார்கள்.

திரும்பியபின் மீண்டும் மருத்துவமனை. நெடிய சிகிச்சைக்குப் பின் அவரால் மறுபடி பறவைகளின் பாட்டைக் கேட்க முடிந்தது. மருத்துவத்துக்குத் தாம் பட்ட கடனை அவர் மறைக்கவில்லை. துணிச்சல் அவரைக் காட்டுக்கு அழைத்துச் சென்றது. கேட்கும் இன்பத்தை மீட்டுத் தந்தது சிகிச்சைதான்.

காட்டில் அவர் காதை மட்டுமே நம்பியவரல்லர். மனிதருக்கு மோப்ப ஆற்றல் குறைவு என்பதைப் புலி அறியாது. அதனால் மற்ற விலங்குகளை நெருங்குவதைப் போலவே, காற்றுக்கு எதிராகத்தான் மனிதரையும் நெருங்கும் என்பது அவர் கண்ட உண்மை. காற்றின் போக்கை அறிந்து குறுக்கும் நெடுக்குமாக நடந்தால் ஆபத்து எப்பக்கமிருந்து வரும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். காது சொல்லத் தவறும் திசையைக் காற்று சொல்லும். ஒரு புலனின் குறையைப் பிற புலன்களாலும் அறிவாலும் ஈடுசெய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடமில்லை.

விபத்துக்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1938 நவம்பர் இறுதியில், தாக் என்ற கிராமத்தருகே தம் கடைசி ஆட்கொல்லியை அவர் எதிர்கொண்டார். அப்போது வயது 63. பொழுது சாயும் வேளையில் பெண்புலியின் குரல் கேட்டது. ஆண்புலியின் குரலில் அவர் மறுமொழி கொடுத்தார். உடன்வந்தவர்களைப் பின்னால் அமர்த்திவிட்டு, ஒரு பாறை விளிம்பில் நின்றபடி, புலி எழுப்பிய ஒவ்வொரு குரலையும் கொண்டு அது எவ்வளவு அருகில், எப்பக்கமாக வருகிறது என்று கணித்தார். வெளிச்சம் மறையச் சில நிமிடங்களே இருந்தபோது புலி எதிரே தோன்றியது. ருத்ரபிரயாகில் மணியோசையைப் பிடித்த அதே திறமை, ஒருமுறை உடைந்து சீரான செவியோடு, இங்கே மறுபடியும் வென்றது.

அதற்குள் அவர் மனம் துப்பாக்கியிலிருந்து ஒளிப்படக் கருவிக்கு மாறியிருந்தது. புலிகளைத் திரைப்படச் சுருளில் பதிந்தார். காட்டைக் காக்கப் பேசினார். 1936-இல் உருவான நாட்டின் முதல் தேசியப் பூங்கா பின்னாளில் அவர் பெயரைப் பெற்றது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்குதான். 1947-இல் சகோதரி மேகியுடன் கென்யாவில் குடியேறிய அவர், 1955 ஏப்ரல் 19 அன்று நியேரியில் காலமானார்.

என் மனத்தைத் தைக்கும் செய்தி வேறொன்று. அவருடைய புகழ்பெற்ற முதல் நூல் 1944-இல் வெளிவந்தது. தல்லாதேஸ் வேட்டையின் முழு வரலாறும், அதனோடு பின்னிய செவி விபத்தும், 1954-ஆம் ஆண்டு நூலில்தான் அச்சேறின. நிகழ்ந்து கால் நூற்றாண்டு கழித்து, இறப்பதற்கு ஓராண்டு முன்பு. புலிக்கு அஞ்சாத ஒருவருக்கே தம் காதின் கதையைச் சொல்ல அத்தனை காலம் பிடித்தது என்றால், சாமானியர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

கண்ணாடி அணிந்தவரைப் படித்தவர் என்று மதிக்கிறோம். கேட்புக் கருவி அணிந்தவரிடம் தேவையின்றிக் கத்திப் பேசுகிறோம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழி சொல்லிச் சிரிக்கிறோம். உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோவொரு அளவில் கேட்புக் குறைபாடு உண்டு என்று உலக சுகாதார அமைப்பு 2021-இல் அறிவித்தது. கேள்வியறிவைச் செல்வங்களுள் தலையாயதாக வைத்த வள்ளுவரைப் போற்றும் நாம், அச்செல்வம் வந்துசேரும் வாயிலைக் காக்க மறந்துவிட்டோம்.

கொங்கு நாட்டில் இது தனிமனிதச் சிக்கல் மட்டுமன்று. பஞ்சாலைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் பட்டறைகளிலும் வாழ்நாளைக் கழித்தவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார்கள்; விசேஷ வீடுகளில் ஓரமாக அமர்வார்கள்; கேட்காததற்கும் தலையசைப்பார்கள். இரைச்சலால் வரும் கேட்புக் குறைபாடு, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. துணி உற்பத்திச் செலவைக் கணக்கிடும்போது பஞ்சு, மின்சாரம், கூலி அனைத்தையும் எழுதுகிறோம். நெய்பவரின் காது எந்தப் பற்று வரவிலும் இடம்பெறுவதில்லை. அந்தச் செலவை அவர் வீட்டார்தாம் மௌனமாகச் செலுத்துகிறார்கள்.

ஆலைகளில் காதடைப்பான் கட்டாயமாக வேண்டும். ஆண்டுக்கொரு முறை கேட்புச் சோதனை வேண்டும். வேட்டை 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்துவிட்டது. ஆனால் கேளையாட்டின் குரைப்பையும் கடமானின் எச்சரிக்கையையும் கேட்டு, யானையிடமிருந்தும் புலியிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொண்டு இரவும் பகலும் நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் நம் ஆனைமலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அச்சோதனை வேண்டும்.

சின்னாற்றிலிருந்து திரும்பிய அந்த வாரமே நான் சோதனை செய்துகொண்டேன். இரைச்சல் நிற்கவில்லை, ஆனால், கருவியின் துணையால் மற்ற ஒலிகள் கேட்கத் தொடங்கிய பின் அதன் ஆட்சி குறைந்துவிட்டது. இப்போது எவரேனும் அழைத்தால், எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று கூச்சமின்றிக் கேட்கிறேன். இதுவரை எவரும் சிரிக்கவில்லை.