முள்ளும் வெள்ளை அணுவும்

காலில் முள் குத்தினால் மறுநாள் அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் வைக்குதே, ஏன் தெரியுமா? அதற்குப் பதில் கண்டவர் இல்யா மெச்னிகோவ்.

இவர் 1845-ல் கார்கோவ் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். அன்று ரஷ்யப் பேரரசு, இன்று உக்ரைன். படிப்பில் படு சுட்டி. நாலு வருஷப் பட்டப்படிப்பை ரெண்டே வருஷத்தில் முடித்துவிட்டார்!

1869-ல் லுத்மிலா என்பவரை மணந்தார். அவருக்குக் காசநோய். கல்யாணத்தன்று நடக்க முடியாமல் நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கிப் போனார்களாம். இதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெயில் உள்ள ஊர்களுக்குக் கூட்டிப் போய்ப் பார்த்தும் பலனில்லை. 1873-ல் மதீரா தீவில் லுத்மிலா இறந்தார். மெச்னிகோவ் மனம் உடைந்து போனார். பிறகு 1875-ல் ஒல்காவை மணந்தார்.

1882-ல் ஒதெஸா பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, இத்தாலியின் மெஸ்ஸினா ஊருக்குப் போனார். ஒருநாள் வீட்டில் எல்லாரும் குரங்கு வித்தை பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் தனியாக நுண்ணோக்கியில் நட்சத்திர மீனின் லார்வாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே செல்கள் நகர்வது தெரியும். இந்தச் செல்கள்தான் உடம்பைக் காக்கும் காவலாளிகளோ என்று திடீரெனத் தோன்றியது. உடனே தோட்டத்து ரோஜா முள்ளை எடுத்து லார்வாவின் தோலுக்கடியில் செருகினார். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. விடிந்ததும் பார்த்தால், செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன!

அந்தச் செல்களுக்கு 'பேகோசைட்' என்று பெயர் வந்தது, அதாவது விழுங்கும் செல். அதுவரை வீக்கம் என்றாலே கெடுதல், வெள்ளை அணுக்கள் கிருமியை உடம்பு முழுக்கச் சுமந்து பரப்பும் என்றுகூடப் பல மருத்துவர்கள் நினைத்தார்கள். இவரோ, வீக்கம் உடம்பின் சண்டை என்றார். ஜெர்மன் அறிஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தத்தில் கரைந்துள்ள பொருள்களே கிருமியைக் கொல்கின்றன என்றார்கள். பல வருஷம் வாக்குவாதம். கடைசியில் 1908 நோபல் பரிசு இவருக்கும், எதிர்த்தரப்பின் பால் எர்லிக்குக்கும் சேர்த்தே கிடைத்தது. ரெண்டும் உண்மைதானே!

ஆனால் காவலாளியே வீட்டை இடிப்பதும் உண்டு. கடுமையான நிமோனியாவிலும், 2020-ல் பரவிய கொரோனாவிலும் பலர் மூச்சுத் திணறி இறந்ததற்கு இது ஒரு காரணம். வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்று ஒரு வகை. அவை நுரையீரலில் கும்பலாகக் குவிந்து, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளைக் கொட்டுகின்றன. காற்றுப் பையின் சுவரோ மிக மெல்லியது. அதன் செல்களும் சாகின்றன. வெடித்துச் செத்த செல்லிலிருந்து சிந்துவது இன்னும் நிறைய வெள்ளை அணுக்களைக் கூப்பிடுகிறது. சுவர் ஒழுகிப் பைக்குள் நீர் நிறைகிறது, ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போவதில்லை. செத்ததை விழுங்கிச் சுத்தம் செய்ய மேக்ரோபேஜ் என்ற பெரிய செல் வந்தால்தான் வீக்கம் அடங்கும். அதற்குப் பெயர் வைத்தவரும் மெச்னிகோவே.

வயதான காலத்தில், தயிர் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று நம்பித் தினமும் புளித்த பால் குடித்தார். (எங்க அப்பத்தாவுக்கு இது ரொம்பப் பிடித்த செய்தி!) முதல் உலகப்போர் நடந்தபோது, 1916 ஜூலையில், 71 வயதில் பாரிஸில் இதய நோயால் காலமானார். 1888 முதல் அவர் உழைத்த பாஸ்டர் நிறுவனத்தின் நூலகத்திலேயே அவருடைய அஸ்தி வைக்கப்பட்டது.