கணித மேதை காஸ்

கற்றோர் இல்லத்தில் பிறந்தோரே கற்றோராவர் என்று எண்ணுவோர்க்குக் காஸ் பெருமகனாரின் வாழ்க்கையே மறுமொழியாகும். ஜெர்மனி நாட்டுப் பிரன்சுவிக் நகரில், உடலுழைப்பால் பிழைத்த எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். அன்னையார் எழுத்தறிவு மிகுதியும் இல்லாதவர். மகன் பிறந்த தேதியைக் குறித்து வைக்கவில்லை. இயேசுநாதரின் விண்ணேற்றத் திருநாளுக்கு எட்டு நாள் முந்திய புதன்கிழமை என்பது மட்டுமே அவர் நினைவில் நின்றது. அது 1777-ஆம் ஆண்டு ஏப்ரல் 30 எனப் பிற்காலத்தில் மகனே கணக்கிட்டறிந்தார்.

சிறுவரின் அறிவை ஆசிரியர் உணர்ந்தார். பிரன்சுவிக் கோமகன் பொருளுதவி புரிந்தார். 1801-இன் தொடக்கத்தில் காணப்பட்டுச் சில வாரங்களில் கதிரவன் ஒளியில் மறைந்த சீரிஸ் என்னும் சிறுகோள் மீண்டும் எங்கே தோன்றும் என்று 24 வயதிலே கணித்தார். ஆண்டிறுதியில் அவர் சுட்டிய இடத்தருகே அது அகப்பட்டது. 1807-இல் கோட்டிங்கன் வானாய்வு நிலையத் தலைமை ஏற்றார். 1809-இல் அருமை மனைவியை இழந்தார். அத்துயரினிடையேயும் மறு ஆண்டில், பல்லாஸ் என்னும் சிறுகோளின் பாதையை ஆராய்கையில், பல சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்கும் வழியை ஒழுங்குபடுத்தினார்.

அவ்வழி யாதெனில்: பெரியவர் இருவர், சிறுவர் ஒருவர்க்குப் பயணச்சீட்டு 50 ரூபாய், பெரியவர் ஒருவர், சிறுவர் ஒருவர்க்கு 30 ரூபாய் என்போம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கச் சிறுவர் நீங்குவர். பெரியவர் கட்டணம் 20 எனத் தெரியும். சிறுவர்க்கு 10 என்பது தானே வரும். இவ்வாறு ஒவ்வொன்றாய் நீக்குதலைச் சீனர் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே அறிந்திருந்தனர். அறியாத எண்கள் பலவாயினும் பிழையின்றிச் செய்ய முறை அமைத்தவர் காஸ்.

நம் ஊருக்கும் இதற்கும் தொடர்புண்டு. 1802-இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்த லாம்டன், முக்கோணங்களால் நிலத்தை அளந்து வந்தார்; 1804-இல் பெங்களூரருகே மற்றோர் அடிக்கோட்டால் கணக்குச் சரிபார்க்கப்பட்டது. வேறுபாடு நான்கு அங்குலத்திற்கும் குறைவே. எனினும் நாடெங்கும் முக்கோணங்கள் பெருகப் பெருக, சிறு பிழைகளை நேர்மையாகப் பங்கிட வேண்டியதாயிற்று. அதற்கு உதவியது காஸ் வளர்த்த மீச்சிறு வர்க்க முறை; பிரெஞ்சு அறிஞர் லெஜாந்தர் அதை 1805-இலேயே வெளியிட்டிருந்தார். அம்முறை பிறப்பிக்கும் சமன்பாட்டுத் திரளைத் தீர்ப்பதற்கு நீக்கல் வழி இன்றியமையாததாயிற்று.

புகழுற்ற பின்னும் தாயை மறவாது, 1817 முதல் 1839-இல் அவர் மறையும்வரை தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார். 1855 பிப்ரவரி 23-இல் காஸ் மறைந்தார். ஈஜிபுராவைச் சூழ்ந்த அலுவலகங்களில் கணினிகள் இன்று அணிகளைக் கையாளுகையில் அவர் வழியே பயில்கிறது. அதனைக் கற்கும் நம் இளைஞர், அஃது ஓர் ஏழைத்தாயின் மகன் தந்த செல்வம் என்பதையும் அறிவாராக.